கழி ஊன்றத் தெரிந்தவர்களுக்கு ஒரு ரோயிங் பாடம்

2024 ஆகஸ்ட் முதல் வாரம். ஆரம்பாக்கத்தில் நெடுஞ்சாலையோரம் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் ரோயிங்கில், அதாவது ஒருவரே ஓட்டும் துடுப்புப் படகுப் பந்தயத்தில், கலந்துகொண்ட அரியானாவின் பல்ராஜ் பன்வார் ‘ஃபைனலில் 5ஆம் இடம்’ என்று ஒருவர் செல்போனில் படித்தார். பக்கத்தில் இருந்தவர் தன் போனை நீட்டி ‘23ஆம் இடம்’ என்றார். இரண்டுமே அன்றைய செய்திதான்.

“ஆறு பேர் ஓட்டுற ஃபைனல்ல ஒருத்தர் எப்படிப்பா இருபத்து மூணாவதா வருவார்?” என்று கடைக்காரர் கேட்டார்.

பெஞ்சில் இருந்த பழவேற்காடு ஏரிப் பெரியவர் ஒருவருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. “எங்க ஏரிப் பையன் ஒருத்தனை அனுப்பியிருந்தா தங்கமே வந்திருக்கும், தம்பி. பொறந்ததுலேர்ந்து படகுலதான கிடக்கிறான்” என்றார்.

நான் கல்லூரிக் காலத்தில் சென்னையில் இரண்டு வருடம் அடையாற்றில் ரோயிங் பழகியவன். பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை. ஒருமுறை கவிழ்ந்து அந்தத் தண்ணீரைக் குடித்ததுதான் மிச்சம். ஆனாலும் அன்று இரண்டாவது டீ சொல்லிவிட்டு விளக்க உட்கார்ந்தேன். அதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

எல்லாப் படகுப் போட்டியும் ரோயிங் இல்லை

ஆலப்புழை புன்னமடைக் காயலில் நடக்கும் நேரு டிராபி வள்ளங்களியை டிவியில் பார்த்திருப்பீர்கள். 1952இல் நேரு வந்துபோனதிலிருந்து பேர்பெற்ற போட்டி அது. நீண்ட சுண்டன் வள்ளத்தில் நூறு பேர் அளவில் வரிசையாக உட்கார்ந்து, பாட்டுக்குத் தக்கபடி துழாவுவார்கள். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அது ரோயிங் இல்லை.

கயாக், கனூ என்று ஒலிம்பிக்கில் வேறு போட்டிகள் உண்டு. அவையும் ரோயிங் இல்லை.

கண்டுபிடிப்பது சுலபம். ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று பாருங்கள். வள்ளத்திலும் கயாக்கிலும் போகும் திசையைப் பார்த்து உட்காருவார்கள். துடுப்பு முழுக்க அவர்கள் கையில் இருக்கும், படகோடு கட்டப்பட்டிருக்காது. ரோயிங்கில் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். துடுப்பு, படகின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். அந்தச் சட்டத்துக்கு ரிக்கர் என்று பெயர். ஆளுக்கு இரண்டு துடுப்பு என்றால் ஸ்கல்லிங், ஆளுக்கு ஒன்று என்றால் ஸ்வீப். ஸ்கல்லிங்கில் ஒருவர், இருவர், நால்வர் படகுகள். ஸ்வீப்பில் இருவர், நால்வர், எண்மர். ஒலிம்பிக்கில் எண்மர் படகில் மட்டும் துடுப்பில்லாத ஒன்பதாவது ஆள் ஒருவர் இருப்பார்: திசை திருப்பவும் கத்தி வேலை வாங்கவும். அவர் காக்ஸ்.

இன்னொன்று, சும்மா சொல்லி வைக்கிறேன். தமிழில் துடுப்பு என்றால் படகுத் துடுப்பும்தான், களி கிண்டும் மரக்கரண்டியும்தான். தெலுங்கில் தெட்டு என்கிறார்கள், அதற்கும் இதே இரண்டு அர்த்தம். இந்தக் கிண்டுகிற ஞாபகமே நம்மைத் தவறான பக்கம் இழுத்துவிடுகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். ரோயிங்கில் தண்ணீரைக் கிண்டுகிற வேலையே கிடையாது.

கழியைத் தள்ளுகிறோமா, படகைத் தள்ளுகிறோமா?

பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் துடுப்புக்கு வேலையே இல்லை, கழிதான். படகில் நின்றபடி நீண்ட கழியைச் சேற்றில் ஊன்றுகிறார்கள். உடம்பைச் சாய்த்துக் காலால் பலகையை அழுத்துகிறார்கள். கழி ஊன்றிய இடத்திலேயே நிற்கிறது, படகு அதைத் தாண்டிப் போகிறது. பிறகு கழியைப் பிடுங்கி மறுபடி முன்னால் ஊன்றுகிறார்கள்.

பெரியவரிடம் இதைத்தான் கேட்டேன். “கழி நகருதா, படகு நகருதா?” சந்தேகமே இல்லாமல் “படகுதான்” என்றார்.

ரோயிங் அவ்வளவுதான். சேறு இல்லை, அதனால் தண்ணீரிலேயே ஊன்ற வேண்டும். துடுப்பின் அகன்ற முனை தண்ணீருக்குள் செங்குத்தாக இறங்கும்போது, அதன் முன்னால் இருக்கும் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் விலகிக் கொடுக்காது. துடுப்பு கொஞ்சம் வழுக்கும், ஆனால் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஓட்டுகிறவர் கைப்பிடியை இழுக்கும்போது துடுப்பு ரிக்கரை முன்னோக்கித் தள்ளுகிறது, ரிக்கர் படகைத் தள்ளுகிறது. தண்ணீரைப் பின்னால் வாரி இறைப்பது நோக்கமில்லை. இறைந்த தண்ணீர் அத்தனையும் வீணான உழைப்பு. நல்ல ரோயர் போன தடத்தில் சின்னச் சின்னச் சுழிகள்தான் மிஞ்சியிருக்கும். என் தடத்தில் நுரை பொங்கும்.

ஊன்றுகிற அந்தக் கணத்துக்கு கேட்ச் என்று பெயர். தள்ளுகிற பகுதி டிரைவ். துடுப்பை வெளியே எடுப்பது ஃபினிஷ். மறுபடி ஊன்றத் தயாராக முன்னே வருவது ரெக்கவரி. இந்த நான்கும் சேர்ந்தது ஒரு ஸ்ட்ரோக். ஒற்றையர் போட்டியில் 2000 மீட்டருக்கு இருநூற்றுச் சொச்சம் ஸ்ட்ரோக் வரும்.

ஃபினிஷில் துடுப்பை நேரத்துக்கு எடுக்கத் தவறினால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடி திரும்பி வந்து வயிற்றில் இடிக்கும், சில சமயம் ஆளையே தூக்கி எறிந்துவிடும். ரோயர்கள் இதை ‘நண்டு பிடிப்பது’ என்கிறார்கள். பெரியவருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. பழவேற்காட்டில் நண்டு பிடித்தால் காசு, அங்கே பிடித்தால் போட்டி போச்சு.

கை இல்லை, கால்

ரோயர் என்றால் புஜம் பெருத்தவர் என்று நினைக்கிறோம். போட்டிப் படகில் உட்காரும் பலகை சின்னச் சக்கரங்களோடு தண்டவாளத்தில் ஓடும். பாதங்கள் படகோடு பொருத்திய ஷூவுக்குள் இருக்கும். கேட்சில் முட்டி மார்போடு ஒட்டும் அளவுக்கு மடங்கியிருக்கும். டிரைவ் தொடங்கியதும் முதலில் கால் நீளும், அப்புறம் இடுப்பிலிருந்து முதுகு சாயும், கடைசியாகத்தான் கை மடங்கும். உழைப்பில் காலுக்கு 60 சதவீதம், முதுகுக்கு 30, கைக்கு 10 என்பது பயிற்சியாளர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. நெல் மூட்டையைத் தரையிலிருந்து தூக்குகிறவர் செய்வதும் இதுதான். கையால் தூக்கப் பார்ப்பவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

ஆக இதுவரை: ரோயர் பின்னோக்கி உட்காருகிறார், தண்ணீரில் துடுப்பை ஊன்றிக் காலால் படகைத் தள்ளுகிறார். இது புரிந்தால் பாதி முடிந்தது. மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்தது.

துடுப்பு வெளியே இருக்கும்போதுதான் வேகம் அதிகம்

நம்பச் சிரமமாக இருக்கும். ஒற்றையர் படகின் எடை குறைந்தபட்சம் 14 கிலோ இருந்தால் போதும். அதில் உட்கார்ந்திருப்பவர் தொண்ணூறு கிலோ இருக்கலாம். அதாவது ஆளுக்குள் படகு மாட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, படகுக்குள் ஆள் இல்லை.

சின்னப் படகில் முன்னாலிருந்து பின்பக்கம் நடந்து பாருங்கள். நீங்கள் பின்னே போகப் போகப் படகு முன்னே நழுவும். ரெக்கவரியில் நடப்பது இதேதான். துடுப்பு காற்றில் இருக்கிறது; ரோயர் பலகையோடு படகின் பின்முனைப் பக்கம் (திரும்பி உட்கார்ந்திருக்கும் அவருக்கு அதுதான் முன்பக்கம்) சறுக்கி வருகிறார்; அத்தனை எடையும் பின்னே நகரும்போது 14 கிலோ படகு அவர் காலடியில் முன்னே பாய்கிறது. ஒரு ஸ்ட்ரோக்கில் படகு மிக வேகமாக ஓடுவது இந்த நேரத்தில்தான். மிக மெதுவாக இருப்பது கேட்ச் சமயத்தில்.

இதனால் ஒரு விசித்திரம். அவசரப்பட்டு முன்னே சறுக்கி வந்தால், வந்து நிற்கும்போது காலில் இடிக்கும் வேகம் படகுக்குப் பிரேக் போடும். முழு பலத்தோடு தள்ளிவிட்டு, அடுத்த விநாடியே அவசரமில்லாமல் திரும்பி வரத் தெரிய வேண்டும். மூச்சு வாங்கும்போது அது எவ்வளவு கஷ்டம் என்பதைப் படகில் ஏறினால்தான் புரியும். எனக்கு இரண்டு வருடத்திலும் அது கைவரவில்லை. எண்மர் படகில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அப்படித் திரும்பி வர வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

உலக சாதனை ஏன் இல்லை

தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தோடு சேர்ந்து சும்மா கூடுவதில்லை, பாய்ந்து கூடுகிறது. இடுப்பளவு தண்ணீரில் நடக்கலாம், ஓட முடியாது, இல்லையா? ரோயர்கள் தரையில் பழகும் எர்கோமீட்டர் என்ற இயந்திரம் இதே கணக்கில்தான் ஓடுகிறது. 500 மீட்டரை 2 நிமிடத்தில் முடிக்கும் வேகத்துக்குச் சுமார் 200 வாட் சக்தி வேண்டும். 1 நிமிடம் 40 விநாடியில் முடிக்க 350 வாட். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடியதற்குச் சக்தி முக்கால் பங்கு கூட வேண்டியிருக்கிறது.

அதோடு காற்று வேறு. எதிர்க்காற்று அடித்தால் எல்லோருக்குமே நேரம் கூடும், பின்காற்று வந்தால் குறையும். அதனால்தான் ரோயிங்கில் உலக சாதனை என்று சொல்லாமல் ‘உலகின் சிறந்த நேரம்’ என்று அடக்கமாகச் சொல்கிறார்கள். 2017இல் நியூசிலாந்தின் ராபி மேன்சன் ஒற்றையரில் 6 நிமிடம் 30.74 விநாடியில் வந்தது அப்படிப்பட்ட ஒரு நேரம்.

இன்னும் நல்ல உதாரணம் 2016 ரியோ ஒலிம்பிக்கில் இருக்கிறது. இந்தியாவின் ஒற்றையர் ரோயர் தத்து போக்கனல் முதல் சுற்றில் எடுத்த நேரம் 7 நிமிடம் 21.67 விநாடி. கடைசிப் பந்தயத்தில் 6 நிமிடம் 54.96. ஒரே ஆள், ஒரே ஏரி, ஒரே தூரம், 26 விநாடிக்கு மேல் வித்தியாசம். முதல் நாள் அலை எழுப்பும் காற்று. செர்பியாவின் இருவர் படகு கவிழ்ந்தேவிட்டது. மறுநாள் பந்தயங்களையே ரத்து செய்தார்கள். ஆகவே நேரத்தை வைத்து இரண்டு பந்தயங்களை ஒப்பிடாதீர்கள். கூட ஓடியவர்களில் எத்தனையாவதாக வந்தார் என்பதுதான் கணக்கு.

தண்ணீருக்குப் பயந்த ரோயர்

இப்போது பெரியவரின் வாதத்துக்கு வருவோம். ஏரியில் பிறந்தவன் ஜெயிப்பான் என்றாரே.

தத்து பிறந்த ஊர் மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்டத்தின் தலேகாவ் ரோஹி. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன பகுதி. அப்பாவோடு சேர்ந்து கல் உடைத்தும் கிணறு வெட்டியும் பிழைத்தவர். 2012இல் ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே உயரத்தைப் பார்த்துப் படகில் உட்காரவைத்தார்கள். அதுவரை தண்ணீர் என்றாலே பயம் என்று அவரே சொல்லியிருக்கிறார். நான்கே வருடத்தில் ஒலிம்பிக்.

இது அதிசயக் கதை இல்லை, ரோயிங்கின் இயல்பே அப்படித்தான். தேவைப்படுவது நீண்ட கால், நீண்ட கை, பெரிய நுரையீரல். பந்தயம் ஏழு நிமிடம் அளவுக்கு நீடிக்கிறது. முதல் ஒரு நிமிடம் மூச்சை நம்பாமல் தசை தன் கையிருப்பில் ஓடுகிறது. அதற்குப் பிறகு பெரும்பகுதி ஆக்சிஜனில்தான் ஓட வேண்டும். அதனால் அவர்கள் பழகுவதில் முக்கால்வாசி, அவசரமில்லாமல் மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டே போவது. தண்ணீர்ப் பழக்கம் சில மாதத்தில் வந்துவிடும், உயரம் வராது. தேர்வாளர்கள் முதலில் கேட்பது எர்கோமீட்டரில் 2000 மீட்டருக்கு எவ்வளவு நேரம் என்றுதான். இயந்திரம் நிற்பதோ தரையில்.

இந்திய ரோயர்களின் பெயர்களைப் பார்த்தாலும் இது தெரியும். 2000 சிட்னியில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் ஓட்டிய காசம் கான், இந்தர்பால் சிங் ஜோடியிலிருந்து இன்றுவரை பெரும்பாலோர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள். ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு ரோயிங்கில் முதல் தங்கம் வாங்கியவர், 2010 குவாங்சோவில், பஜ்ரங் லால் தாக்கர். அவர் ராஜஸ்தான்காரர்!

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆக: ரோயிங்குக்கு ஆள் எடுப்பது உடம்பைப் பார்த்து. படகில் வளர்ந்ததால் கிடைக்கும் லாபம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

ஃபைனல் ஒன்றில்லை, ஆறு

சரி, கடைக்காரரின் கேள்வி. பாரிஸில் ஒற்றையர் பிரிவில் முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஏரியில் தடம் ஆறு. ஓட்டப் பந்தயத்தில் தோற்றவர் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இங்கே எல்லோருக்கும் கடைசிவரை ஒரு இடம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

முதல் சுற்றில் ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் மூவர் நேராகக் காலிறுதிக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு ரெப்பஷாஜ் என்று இன்னொரு வாய்ப்பு. அரியர் எழுதுவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் தேறாதவர்கள் இ, எஃப் என்ற கடைசி இரண்டு ஃபைனல்களுக்கான வழியில் போய்விட்டார்கள்.

காலிறுதியில் 24 பேர். நான்கு பந்தயம், ஒவ்வொன்றிலும் ஆறு பேர். முதல் மூன்று இடத்தில் வந்த 12 பேர் ஏ, பி அரையிறுதிக்கு. மற்ற 12 பேர் சி, டி அரையிறுதிக்கு. இங்கேதான் கதவு சாத்தப்படுகிறது. சி, டி பக்கம் போனவர் இனி என்ன செய்தாலும் 13ஆம் இடத்துக்கு மேலே ஏற முடியாது.

ஃபைனல் ஏ என்றால் 1 முதல் 6. அதில்தான் பதக்கம். பி 7 முதல் 12. சி 13 முதல் 18. டி 19 முதல் 24.

பல்ராஜ் முதல் சுற்றில் 4ஆவது, ரெப்பஷாஜில் 2ஆவது, காலிறுதியில் 5ஆவது. சி, டி அரையிறுதியில் கடைசி. அதனால் ஃபைனல் டி. அதில் 5ஆவது. 19, 20, 21, 22, 23. இரண்டு செய்தியுமே சரி!

தத்து விஷயத்தில் இன்னொரு குழப்பம். ‘ஃபைனலில் முதலிடம், ஆனாலும் பதக்கம் இல்லை’ என்று அப்போது பலர் குமுறினார்கள், ஏதோ அநியாயம் நடந்த மாதிரி. அவர் ஜெயித்தது ஃபைனல் சி. காலிறுதியில் 4ஆவதாக வந்தவருக்கு மிஞ்சியிருந்த மிக உயர்ந்த இடம் 13. அதை விடாமல் எடுத்தார். பதக்கத்துக்கான ஃபைனல் ஏயில் நியூசிலாந்தின் மஹே டிரைஸ்டேலும் குரோஷியாவின் தாமிர் மார்ட்டினும் ஒரே நேரத்தில், 6 நிமிடம் 41.34 விநாடியில் வந்தார்கள். போட்டோவைப் பார்த்துத்தான் டிரைஸ்டேலுக்குத் தங்கம் கொடுத்தார்கள்.

டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங் ஜோடி 11ஆம் இடம். எண்ணில் பார்த்தால் 13ஐவிட மேல்தான். ஆனால் அந்தப் பிரிவில் படகுகள் குறைவு, காலிறுதியே கிடையாது. எது பெரிய சாதனை என்று கேட்டால் நான் தத்துவின் 13 என்பேன். நீங்கள் சண்டைக்கு வரலாம்.

எடை பார்த்து ஏறுகிறவர்கள்

அர்ஜுனும் அர்விந்தும் ஓட்டியது லைட்வெயிட் பிரிவு. ஆண் ரோயர் யாரும் 72.5 கிலோவைத் தாண்டக்கூடாது, ஜோடியின் சராசரி 70. பந்தயத்துக்கு இரண்டொரு மணி நேரம் முன்னால் தராசில் ஏற வேண்டும். சாப்பிடாமல் தண்ணீர் குடிக்காமல் ஏறி, இறங்கியதும் அவசரமாகச் சாப்பிட்டு, அப்புறம் ஏழு நிமிடம் உயிரைக் கொடுத்து ஓட்டுவது. 2018 ஆசிய விளையாட்டில் லைட்வெயிட் ஒற்றையரில் வெண்கலம் வாங்கிய துஷ்யந்தைப் பந்தயம் முடிந்ததும் ஸ்ட்ரெச்சரில்தான் தூக்கிப் போனார்கள்.

அதே போட்டியில், பாலெம்பாங்கில், தத்து ஒற்றையர் ஃபைனலில் காய்ச்சலோடு இறங்கிப் பாதியில் துவண்டுபோனார். மறுநாள் சவர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோரோடு நால்வர் ஸ்கல்லிங்கில் தங்கம். ஒரு நாள் இடைவெளியில் அந்த உடம்பு எப்படித் திரும்பியது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

2028இல் என்ன மாறுகிறது

பாரிஸோடு ஒலிம்பிக்கில் லைட்வெயிட் பிரிவு முடிந்துவிட்டது. இந்தியா மாதிரி நாடுகளுக்கு இது அடிதான். 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா ரோயிங்கில் வாங்கிய ஐந்து பதக்கங்களில் அர்ஜுன், அர்விந்த் ஜோடியின் லைட்வெயிட் வெள்ளியும் ஒன்று. இனி அவர்கள் மாதிரி ஆட்கள் எடை கூட்டி, தங்களைவிட இருபது கிலோ கனமானவர்களோடு மோத வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் தூரமும் 1500 மீட்டராகக் குறைகிறது, இடம் போதாததால். கூடவே லைட்வெயிட் போன இடத்தில் புதிதாக ஒன்று வருகிறது: கடற்கரை ரோயிங். ஒரு நேரத்தில் இரண்டு படகுகள் மட்டும் மோதும். மணலில் ஓடிவந்து, அலையில் நிற்கும் படகில் தாவி ஏறி, 250 மீட்டர் தூரம் மிதவைகளுக்கு இடையே வளைந்து கடலுக்குள் போய், திரும்பி நேராகக் கரைக்கு வந்து, குதித்து ஓடி மணியை அழுத்த வேண்டும். படகு அகலமானது, கனமானது. அலை எப்போது எழும், எப்போது தணியும் என்று பார்க்கத் தெரியாதவர் எவ்வளவு பலசாலியானாலும் கவிழ்ந்துவிடுவார்.

இதைச் சொன்னதும் பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பழவேற்காட்டு முகத்துவாரத்தில் ஏரியும் கடலும் முட்டுகிற இடத்தில், மூன்று அலையை விட்டு நான்காவதில் படகை இறக்குவது பற்றி அவர் பேச ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசவில்லை. இந்த விஷயத்தில் அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.